ஒன்றாம் நம்பர் டோக்கன்

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய்யென்றால், கும்மிடிப்பூண்டியில் நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸ் ரயில் என் மேல் நின்றுவிட்டுப் போகட்டும்.

புதுக் கம்பெனி திறந்து இருபது நாள். இருபது நாளும் ஒன்றாம் நம்பர் பித்தளை டோக்கன், வந்தவர்கள் மாட்டுகிற பலகையில் காலையிலேயே தொங்கியது. ஆளை மட்டும் ஒருவரும் பார்த்ததில்லை. தேசப்பன் டைம்கீப்பர். டோக்கனைப் பார்த்துப் பார்த்து ‘ஆஜர்’ போட்டவரும் அவரே. சனிக்கிழமைக்குள் ஆளைக் காட்டாவிட்டால் உன் வேலை போயிற்று என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அந்த டோக்கனில் பேர் கிடையாது. ‘யுவராஜா’ என்று பொறித்திருந்தது. ஓடைமேடு ஜமீன்காரர் கம்பெனிக்கு நிலம் கொடுத்தபோது, பட்டத்துக்குரிய மூத்த வாரிசுக்கு ஒரு வேலை என்று எழுதி வாங்கியிருந்தார். அரியணை ஏறும்வரை வாரிசின் பேரை வெளியே சொல்லக்கூடாதாம், பட்டம்தான் பேர். டில்லியில் ராஜா பட்டங்களை ஒழித்த மறுவருஷம் இது. ஓடைமேட்டுக்குச் சேதி வந்து சேரவில்லை போலிருக்கிறது.

வாட்ச்மேன் ஜெயராஜுக்கு அந்த வம்சம் அத்துப்படி. “இதுக்கு முன்னால ஆறு யுவராஜா சார். ஒருத்தரும் ராஜா ஆவல. ஆறாவது ஆளு பழவேற்காடு ஏரில முழுகிப் பூட்டாரு. இவரு ஏழாவது.”

“இவராவது உசுரோட கீறாரா?”

ஜெயராஜ் டீயை ஆற்றினார். “நீங்கதான சார் ஆஜர் போடுறீங்க.”

டோக்கனே இல்லாவிட்டால் ஆஜரும் இல்லை, கேள்வியும் இல்லை என்று புதன்கிழமை தேசப்பன் அதைக் குப்பைக் கூடையில் போட்டுக் காகிதத்தால் அமுக்கினார். வியாழக்கிழமை காலை அது பலகையில் தொங்கியது. பக்கத்தில் யாருமில்லை, ஆபீஸ் கூட்டுகிற அம்மா மட்டும் வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அவளை ஓரமாகப் போகச் சொல்லிவிட்டு, டோக்கனைக் கொண்டுபோய் ஷெட்டுக்குப் பின்னால் சாக்கடையில் வீசினார்.

வெள்ளிக்கிழமை அது சொட்டச் சொட்டத் தொங்கியது. சேற்று வாடை அடித்தது.

“ஏரிச் சேறு,” என்றார் ஜெயராஜ், மார்பில் சிலுவை போட்டுக்கொண்டே.

அன்று சாயங்காலம் தேசப்பன் அதை பாய்லர் சாம்பல் குவியலில் முழங்கை ஆழத்துக்குப் புதைத்தார். சனிக்கிழமை அது திரும்பி வந்திருந்தது. தங்கம் மாதிரி மின்னியது.

தேசப்பன் ஓடிப்போய் மாலையும் எலுமிச்சம்பழமும் வாங்கிவந்து, டோக்கனுக்கு மாலை போட்டுச் சூடம் ஏற்றினார். அந்த நேரம் பார்த்து மேனேஜர் உள்ளே வந்தார். யாரய்யா அந்த யுவராஜா, வரச்சொல் என்றார்.

தேசப்பன் பலகைக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். “யுவராஜா, ஒரே ஒரு தபா கண்ணுக்குத் தெரிஞ்சிட்டுப் போங்க. பொண்டாட்டி புள்ளைங்க கீது எனக்கு.”

சூடம் படபடத்தது. முதுகுக்குப் பின்னால் இதுவரை கேட்டுக்கொண்டிருந்த ஏதோ ஒரு சத்தம் சட்டென்று நின்றது. ஈரக் காலடி ஒவ்வொன்றாக நெருங்கி வந்தது. தேசப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

கூட்டுகிற அம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, மாலையை விலக்கி டோக்கனைக் கையில் எடுத்தாள்.

“எழுந்திரு சார். எங்க நைனாவுக்கு மூத்தது நான்தான். வேலைக்கு வந்த அன்னிக்கு, யாரு இன்னான்னு கேக்காமலே நீதான தொடப்பத்தக் கையில குடுத்த?”