லூயிஸுக்கு வரவேண்டிய குண்டு

சென்னைப் பட்டணத்தில் கொசுவைப் போல எல்லாப் பேட்டையிலும் தழைக்கிற ஒரு மனித ஜாதி உண்டு. காசு கொடுத்துச் சினிமாவுக்குப் போய், படத்தைப் பார்க்காமல், படத்தில் வருகிற துப்பாக்கியை மட்டும் பார்க்கிற ஜாதி. கதாநாயகி கதறி அழுவாள். இவர் மூக்குப்பொடி போடுவார். கதாநாயகன் மரத்தடியில் நின்று பாடுவான். இவர் கொட்டாவி விடுவார். எவனாவது ஒருவன் இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவட்டும், உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, "அது வெப்லி ரிவால்வர். ஆறு குண்டு. இப்போ பாருங்க வேடிக்கையை" என்பார்.

பக்கத்தில் இருப்பவர் நானாக இருந்திருக்கிறேன். தொடை இன்னும் வலிக்கிறது.

இவர்கள் சண்டைக்குப் போனவர்களா என்று கேட்கிறீர்களா? போனவன் எவனும் இதைப் பற்றிப் பேசுவதில்லை ஐயா. பர்மாவிலிருந்து நொண்டிக்கொண்டு திரும்பி வந்து லஸ் முனையில் பீடிக்கடை வைத்திருக்கிற ஒருவரை எனக்குத் தெரியும். அவர் சினிமாவுக்குப் போனால் பாட்டைக் கேட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். பேசுகிறவர் வேறு. கோபாலபுரத்தில் ஒரு வக்கீல் குமாஸ்தா இருக்கிறார். வக்கீல் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கோணியில் சுற்றிக் கிடக்கும் வேட்டைத் துப்பாக்கியை, கோணியோடு சேர்த்து, ஒரே ஒரு தடவை பார்த்தவர். அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு அவர் இதுவரை பதினோரு படங்களில் குற்றம் கண்டுபிடித்திருக்கிறார்.

ஆனால் இந்த ஜாதிக்கெல்லாம் தலைவர் என்றால் சாந்தோம் வில்லியம்தான். யுத்த காலத்தில் பரங்கிமலைப் பக்கம் ஒரு ராணுவக் கிடங்கில் நாலு வருஷம் உத்தியோகம் பார்த்தவர். துப்பாக்கிப் பெட்டிகளின் மேல் சீட்டு ஒட்டுகிற உத்தியோகம். பெட்டிகள் ஆணி அடித்து வரும். அவர் பசை தடவிச் சீட்டு ஒட்டுவார். ஆணி அடித்தபடியே போகும். நாலு வருஷத்தில் ஒரு பெட்டியைக்கூட அவர் எதிரில் யாரும் திறக்கவில்லை. இதை அவரே என்னிடம் சொன்னார், பெருமையாகத்தான் சொன்னார், அவ்வளவு கட்டுப்பாடான இலாகாவாம் அது.

வில்லியமுக்கு ஒரு தனி வித்தை உண்டு. படத்தில் சுடுகிற கட்டம் வந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வார். "கண்ணு ஏமாத்தும் சார். காது ஏமாத்தாது" என்பார். கண்ணை மூடி, கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, ஆறு முடிந்து ஏழாவது சத்தம் கேட்டதும் கண்ணைத் திறந்து கொட்டகை முழுக்கக் கேட்கும்படி, "ஏழாவது குண்டு எங்கேர்ந்து வந்துச்சு? உங்கப்பன் வீட்டுலேர்ந்தா?" என்று திரையைப் பார்த்துக் கேட்பார். திரை பதில் சொல்லாது. அதை அவர் வெற்றியாக எடுத்துக்கொள்வார்.

இப்படியே போயிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? கெட்ட காலம், அவருக்கு ஒரு பெண் இருந்தாள். மர்சலின். கோயில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். அவளுக்கு லூயிஸ் என்ற பையனைப் பேசி முடித்திருந்தார்கள். லூயிஸ் என் சிநேகிதன். நல்லவன், தங்கமானவன், நாடகத்தில் நடிக்கிறவன். அதாவது வேலை இல்லாதவன்.

மாதா கோயிலில் கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் பூசை நடுவில் அறிவிப்பார். மூன்று ஓலையும் முடிந்தால்தான் கலியாணம். லூயிஸுக்கும் மர்சலினுக்கும் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவதை மட்டும் வில்லியம் சாமியாரிடம் சொல்லி நிறுத்தி வைத்திருந்தார். "மாசச் சம்பளம்னு ஒண்ணு கையில வரட்டும். அப்பால படிச்சிக்கலாம்" என்பது அவர் கட்சி. பெண்ணைப் பெற்றவர், அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

அந்த மாசச் சம்பளம் கோடம்பாக்கத்தில் காத்துக்கொண்டிருந்தது. தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த சண்முகசுந்தரம் என்ற தெற்கத்தி முதலாளி, யுத்தத்தில் சம்பாதித்ததைப் போட்டு ஒரு பட்டாளத்துச் சதிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கோட்டைத் தளபதி எதிரியோடு சேர்ந்து கவர்னரைக் கொல்லச் சதி செய்கிறான். ஒரு ஹவில்தார் அதை ஒட்டுக் கேட்கிறான். தளபதி அவனைச் சுடுகிறான். ஹவில்தார் அரைப் பக்க வசனத்தில் சதியை வெளியிட்டுவிட்டுச் சாகிறான். அந்த ஹவில்தார்தான் லூயிஸ். சாவு நன்றாக அமைந்தால் கம்பெனியில் மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். லூயிஸ் ஒரு மாசமாகப் பட்டினப்பாக்கம் கடற்கரையில் செத்துச் செத்துப் பழகினான். மீன்காரப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னா நைனா, இன்னிக்கு எத்தினி வாட்டி செத்தே?" என்று விசாரிப்பார்கள்.

படப்பிடிப்பு நாளன்று என்னையும், வருங்கால மாமனாரையும் லூயிஸ் கூட்டிக்கொண்டு போனான். என்னைக் கூட்டிப்போனது சிநேகம். அவரைக் கூட்டிப்போனது விதி.

அங்கே இருந்த ஆயுதங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். தளபதியின் ரிவால்வர் மாமரத்தில் செதுக்கிக் கறுப்பு மை பூசியது. காவலாளியின் ரைபிள் மூங்கிலும் தகரமும். சுடுகிற சத்தத்துக்குத் தனபாலன் என்ற சாமான் பொறுப்பாளர் தட்டிக்குப் பின்னால் ஒரு கூடை வெங்காய வெடியோடு நின்றுகொண்டு, டைரக்டர் கைக்குட்டையை ஆட்டும்போதெல்லாம் சுவரில் ஒன்றை வீசி அடிப்பார். எந்தத் துப்பாக்கி சுட்டாலும் ஒரே கூடை, ஒரே வெடிதான்.

வில்லியமுக்கு நாற்காலி போட்டார்கள். ராணுவத்திலிருந்து வந்தவர் என்று லூயிஸ் அறிமுகம் செய்துவைத்திருந்தான், பாவம். கட்டம் ஆரம்பமாயிற்று. வில்லியம் கண்ணை மூடிக்கொண்டார். தளபதி உள்ளே பாய்ந்ததும் வாசல் காவலாளி ரைபிளால் அவனை ஒரு தடவை சுட்டுக் குறி தவறினான். தளபதி அந்தக் காவலாளியைச் சுட்டான். இன்னொரு காவலாளியைச் சுட்டான். சுவர் விளக்கைச் சுட்டான். கவர்னர் படத்தைச் சுட்டான், வஞ்சம் தீரவேண்டுமே. கொம்பு ஊதப் போனவனைச் சுட்டான். பிறகு லூயிஸ் பக்கம் திரும்பித் துப்பாக்கியை நீட்டினான். தனபாலன் வெடியை ஓங்கினார்.

"நிறுத்துங்க" என்றார் வில்லியம்.

எல்லாரும் நின்றார்கள். "ஆறு முடிஞ்சுபோச்சு. இவனுக்குக் குண்டு கெடையாது" என்றார்.

டைரக்டர் அனந்தராமன் மயிலாப்பூர்க்காரர். காலையிலிருந்து காப்பி கிடைக்காதவர். "நான் எண்ணிண்டா இருந்தேன்? பார்க்கறவா மட்டும் எண்ணிண்டா இருக்கப்போறா?" என்றார் சோர்வாக.

"சண்டைக்குப் போயிட்டு வந்தவன் இந்த ஊர்ல ஆயிரக்கணக்குல கீறான் சார். ஒருத்தன் வுடாம எண்ணுவான். கொட்டாயில கைகொட்டிச் சிரிப்பான்."

சிரிப்பு என்ற சொல் முதலாளியின் காதில் விழுந்தது. ஜவுளிக்கடைக்காரருக்குப் புரிகிறமாதிரி வில்லியம் சொல்லிவிட்டார். சண்முகசுந்தரம் எழுந்து வந்தார். "ஆறு கெஜம் துணியிலே ஏழு கெஜம் கிழிக்க முடியுமாவே? அவரு சொல்றது நியாயம்தானே. ராணுவத்திலே இருந்தவரு எண்ணியிருக்காரு" என்றார். ஒருவர் எண்ணிவிட்டேன் என்று சொன்னபிறகு மற்றவர்கள் எண்ணிப் பார்க்கிற வழக்கம் நம் நாட்டில் கிடையாது. மறுபடி முதலிலிருந்து எடுக்கலாம் என்றார் அனந்தராமன். கச்சா ஃபிலிம் குதிரைக்கொம்பாக இருக்கிறது, ஒரு அடி தரமாட்டேன் என்றார் முதலாளி.

லூயிஸ் மாமனார் காதருகே குனிந்தான். "மாமா, நான் பாட்டுக்குச் செத்துட்டுப் போறேன் மாமா. கொஞ்சம் சும்மா இருங்களேன்."

"தப்புன்னு தெரிஞ்சிக்கினே எப்டிடா சும்மா இருக்கிறது? குண்டே இல்லாம நீ எப்டிச் சாவே?"

பத்தே நிமிஷத்தில் கதை மாறிற்று. தளபதி விசையை அழுத்துகிறான், குண்டு இல்லை, ஹவில்தார் தப்பி ஓடிவிடுகிறான். "உயிரோட இருக்கிறவனுக்கு எதுக்குவே அரைப் பக்க வசனம்?" என்று முதலாளி கேட்டார். சாகிறவன்தான் அதைப் பேசவேண்டும். அப்போதுதான் ஜனங்கள் அழுவார்கள். ஆகவே ஏற்கெனவே செத்துக் கிடந்த கொம்பு ஊதுகிறவனை எழுப்பி, தண்ணீர் கொடுத்து, அவன் வாயில் அந்த வசனத்தை வைத்தார்கள். அவன் முதலாளியின் கடையில் துணி மடிக்கிறவன். நன்றாகவே செத்தான். மாதச் சம்பளம் அவனுக்குப் போயிற்று. லூயிஸ் தட்டியை ஒட்டிக் குறுக்கே ஓடினான், அதுதான் அந்தப் படத்தில் அவன் செய்த ஒரே காரியம்.

திரும்புகிற வழியில் லூயிஸ் எங்களுக்குப் பத்தடி முன்னால் தனியாக நடந்தான். வில்லியம் மட்டும் உற்சாகமாக இருந்தார். லூயிஸுக்குச் சம்பளம் இல்லை என்று நான் எடுத்துச் சொன்னதும், "அப்போ ஓலை இப்போதைக்கு வாணாம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். மகளின் கலியாணம் நின்றதற்கும் தாம் விரல் மடக்கியதற்கும் சம்பந்தம் இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை.

மூன்று மாதம் கழித்துப் படம் மயிலாப்பூர்க் கொட்டகைக்கு வந்தது. வில்லியம் மர்சலினையும் என்னையும் தம் செலவில் அழைத்துப் போனார். லூயிஸ் வரமாட்டேன் என்றுவிட்டான். அந்தக் கட்டம் வந்தது. வில்லியம் கண்ணை மூடினார். வெங்காய வெடிகள் வெடித்தன. லூயிஸ் ஓடினான். வில்லியம் கண்ணைத் திறந்து என் தொடையில் தட்டி, "கரெக்டா ஆறு. பாத்தீங்களா? இந்த ஒரு படத்திலதான் துப்பாக்கிக் கணக்கு சரியா கீது" என்றார்.

மர்சலின் திரையைவிட்டுத் திரும்பவில்லை. வகுப்பில் பேசுகிற குரலில் பேசினாள். "அஞ்சுப்பா."

"இன்னா அஞ்சு?"

"மொத சத்தம் காவக்காரன் ரைபிள். அவன்தான் தளபதியைச் சுட்டான். தளபதி சுட்டது அவனை, இன்னொருத்தனை, விளக்கை, படத்தை, கொம்புக்காரனை. அஞ்சு. அவன் துப்பாக்கியில இன்னும் ஒரு குண்டு இருந்துச்சு."

வில்லியம் விரல்களைப் பார்த்தார்.

"அது லூயிஸோடது" என்றாள்.

அதற்குப் பிறகு திரையில் இரண்டு பாட்டு ஓடிற்று. வில்லியம் மூக்குப்பொடி போடவில்லை. வெளியே வந்து ரிக்‌ஷாவுக்காக நிற்கும்போது அவள் மறுபடி சொன்னாள். "சாமியார்கிட்ட நானே சொல்லிட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை படிக்கிறது மூணாவது ஓலை. என் சம்பளம் ரெண்டு பேருக்குப் போதும். மூணுதானான்னு எண்ணிக்கோங்க. கண்ணைத் தொறந்துக்கினு எண்ணுங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் கோயிலின் பின்வரிசையில் நின்றேன். சாமியார் ஓலையை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றபோது, சாந்தோம் முழுவதும் வில்லியமைத் திரும்பிப் பார்த்தது. மனிதர் கண்ணை அகலத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்கவில்லை. அவர் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தர்ப்பத்தை விட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

நல்ல வேளை, நாம் அப்படி இல்லை என்று தலையை ஆட்டுகிறீர்கள் அல்லவா? ஒன்றே ஒன்று கேட்கிறேன். மர்சலின் அஞ்சு என்று சொன்னவுடனே மேலே திரும்பிப் போய், வாசல் காவலாளி ஒன்று, விளக்கு ஒன்று என்று நீங்களும் விரலை மடக்கினீர்களே, நான் பார்க்கவில்லை என்றா நினைத்தீர்கள்? போகட்டும். அதற்கு முன்னால், நான் கோடம்பாக்கத்தில் முதல் தடவை சொன்னபோது எண்ணினீர்களா? இல்லை. வில்லியம் ஆறு என்றார், நீங்களும் ஆறு என்று ஒப்புக்கொண்டு மேலே படித்தீர்கள். லூயிஸ் ஓடினபோது வில்லியம் பக்கத்தில் நமக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தது.