சமரசரின் குப்பி

காலையில் விரல் மடங்காது. பற்பசை மூடியைத் திறக்கக்கூடப் பல்லைத்தான் நம்ப வேண்டும். தையல் ஆலையில் சட்டைக் காலர் தைப்பவளுக்கு விரல்தான் சோறு. அந்த விரலின் மூட்டெல்லாம் வீங்கி விண்விண்ணென்று தெறித்தது.

ஆஸ்பத்திரியில் காரணம் சொன்னார்கள்: கிருமியை அடிக்க வேண்டிய காவல் அணுக்கள் சொந்த மூட்டையே அடிக்கின்றன, மாத்திரையை நிறுத்தாதே. ஊரில் நோய் தீர்ப்பதாகச் சொல்லிக்கொண்ட சமரசர் அதையே திருடி மெருகேற்றினார்.

"உன் உடம்பு உன்னை மறந்துபோச்சும்மா. நான் அறிமுகம் பண்ணி வைக்கிறேன்."

மருந்துக்கடை மாடியில் அவர் அறை. படிக்கட்டு முழுக்கக் கூட்டம். முடங்கியவர் எழுந்து ஓடினாராம். ஓடியதைப் பார்த்தவர்தான் யாருமில்லை.

வீட்டிலேயே விரலைக் குத்தி, சில சொட்டு ரத்தம் குப்பியில் கொண்டுவர வேண்டும். அதன்மேல் நூலில் ஒரு குண்டைத் தொங்கவிட்டு, அணுக்களுக்குப் புத்தி சொல்வார். குண்டு வட்டமடித்தால் உடம்பு தன்னை அடையாளம் கண்டுகொண்டது என்று பொருள். மாத்திரை கூடாது, பாடம் படிக்கிற அணுக்களுக்குத் தூக்கம் வருமாம்! அவளும் நிறுத்தினாள். சில மாதத்தில் சுட்டுவிரல் கோணிப்போனது. ஆலையில் அவள் இடத்துக்கு வேறு ஆள் தேட ஆரம்பித்தார்கள்.

அவள் அண்ணன் கறிக்கடைக்காரர். கோணிய விரலைப் பார்த்தார். அடுத்த முறை குப்பியைத் தானே மாற்றி நிரப்பி, தங்கையிடம்கூடச் சொல்லாமல் அவளோடு மாடியேறினார்.

குண்டு வட்டமடித்தது. சமரசர் கண்ணை மூடிக் குழைந்தார்.

"அணு ஒவ்வொண்ணும் 'இது நம்ம அக்கா'ன்னு கும்பிடுதும்மா."

"அது ஆடுங்க," என்றார் அண்ணன். "காலையில வெட்டினது."

எல்லா உயிரும் ஒன்றுதான் என்று சமரசர் சமாளித்தார்.

"ஒண்ணுதான்னா அப்புறம் யாருக்கு யாரை அறிமுகம் பண்றீங்க? ஆடு எது, என் தங்கச்சி எதுன்னு உங்களுக்கே தெரியலையே."

சமரசர் பின்வாசல் வழியே இறங்கினார். வரிசையில் நின்ற ஒருவர் மட்டும், ஆட்டு ரத்தம் என்ன விலை என்று அண்ணனிடம் ரகசியமாக விசாரித்தார்.

நிஜமான பள்ளிக்கூடம் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிறது. தைமஸ் என்று பெயர். அங்கே இளம் அணுக்களுக்கு உடம்பின் சொந்தச் சரக்கு காட்டப்படும். அதன்மேல் பாய்பவற்றில் பெரும்பாலானவை அங்கேயே சாகும். தப்பி வருபவற்றை அடக்கி வைக்க வேறு அணுக்கள் உண்டு. அந்தக் காவலும் தவறினால்தான் இப்படி மூட்டு வீங்கும், அதற்குத்தான் மாத்திரை. சொந்தம் எது, அந்நியம் எது என்று தெரியாததை உடம்பு தெருவில் விடுவதில்லை. நாம்தான் அப்படிப்பட்டவருக்கு நாற்காலி போட்டு, எதிரே கையை நீட்டிக்கொண்டு நிற்கிறோம். அணுவுக்கு இருக்கிற புத்தி ஆளுக்கு வேண்டாமா?

அவள் மறுபடி மாத்திரை போடுகிறாள். வீக்கம் வடிந்துவிட்டது. அரித்துப்போன எலும்பு திரும்பாது. சமரசர் அவளுக்குத் தர வேண்டிய பாக்கி: ஒரு சுட்டுவிரல்.