நான்காம் எண்ணின் கூரை

நடுவர்கள் வருவதற்குச் சரியாகப் பதினேழு மணி நேரம் இருந்தபோது, நான்காம் எண் மாதிரியின் கூரை மூலை பிரவீனாவின் கையோடு வந்துவிட்டது.

பேரூராட்சியின் புதிய பேருந்து நிலையத்துக்கு வடிவமைப்புப் போட்டி. வந்திருந்த ஆறு தெர்மாகோல் மாதிரிகளையும் தூசு தட்டிக் காப்பது அவள் பொறுப்பு. போட்டி நல்லபடியாக முடிந்தால்தான் அவளுடைய தற்காலிக வேலை இன்னோர் ஆண்டு நீளும்.

"மூலைதானுங்களே. ஒட்டுனாப் போச்சு," என்றார் ராசப்பன். சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் போட்டி நடந்தாலும் மாதிரிகளைத் தன் குட்டியானை வண்டியில் ஏற்றிப் போகிறவர் அவர்தான்.

ஒரு சொட்டுப் பசை விட்டாள். தெர்மாகோல் கரைந்து குழிந்தது. வேதியியல் பட்டதாரிதான், படித்தது ஞாபகம் வருவதற்குள் ஓட்டை எலுமிச்சை அளவாகிவிட்டது. ஓரத்தைச் சீராக்கக் கத்தி வைத்தாள். தேங்காய் அளவானது.

"இப்ப என்னங்கண்ணா பண்றது?"

"பேசாம உடுங்க சாமி. இதுவும் ஒரு அழகாத்தான் இருக்குது."

அவளுக்கு அழுகை வந்தது. வாசலில் ஒரு வேப்பங்கொத்தை ஒடித்து வந்து ஓட்டையில் சொருகி மறைத்தாள்.

மறுநாள் தலைமை நடுவர் நவநீதகிருஷ்ணன் நான்காம் எண் முன்னால் நின்றவர் நகரவே இல்லை.

"அந்த எடத்துல பெரிய வேப்பமரம் நிக்குது. மத்த அஞ்சு பேரும் வெட்டச் சொல்றாங்க. இவரு ஒருத்தருதான் கூரையத் தொறந்து உட்டிருக்காரு! பக்கத்து ஊரு நூலகத்துல சாஞ்ச சுவரு, இங்க மரம் நுழையற கூரை. நம்ம பக்கத்துக்குன்னே ஒரு பாணி வருதுங்க!"

அந்தச் சுவர் பிரவீனாவுக்கும் நெடுநாள் கேள்வி. ஏன் சாய்ந்திருக்கிறது? வெயிலுக்கா, காற்றுக்கா? பார்க்கிற எல்லோரிடமும் கேட்டிருக்கிறாள். யாரும் சொன்னதில்லை.

முதல் பரிசு நான்காம் எண்ணுக்கே. வரைந்த சபரிநாதன் மேடையேறி மாதிரியைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். வேலை போச்சு என்று நினைத்தாள் பிரவீனா. அவர் மைக்கைப் பிடித்தார்.

"மரத்த வெட்டக் கூடாதுங்கறதுதாங்க என்னோட முதல் சிந்தனையே."

கைதட்டல் அடங்கவில்லை. பிரவீனா ராசப்பன் பக்கம் ஒதுங்கினாள்.

"மனசு கேக்கலைங்கண்ணா. உண்மையச் சொல்லிப்போடறேன்."

ராசப்பன் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"நூலகத்துச் சுவரு ஏன் சாஞ்சிருக்குதுன்னு கேட்டுட்டே இருப்பீங்களே சாமி... போட்டிக்குக் கொண்டு போற வழில அந்த நூலக மாதிரி மேல நான் உக்காந்துட்டனுங்க."