தேக்குப் பலகை மேல் ஒரு துறைமுகம்

போகாத ஊரைப் பற்றி ரொம்பத் தெரிந்து வைத்திருப்பவன் கையில் தண்ணீர்க் குழாயைக் கொடுக்கக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ரங்கூனில், மீசை சரியாக முளைக்காத வயதில், நானே பட்டுத் தெரிந்துகொண்டேன்.

அந்த ஊர் கோபே. ஜப்பான் கரையில் இருக்கும் துறைமுகப் பட்டணம். யோகோஹாமா பூகம்பத்தில் இடிந்துபோன மறு வருஷம் அது. அங்கே கடை வைத்திருந்த நம் நாட்டு வியாபாரிகள் பலர் கோபேக்கு இடம் மாறிவிட்டார்கள். ரங்கூனின் லான்மடா வட்டாரத்தில் ஜப்பான் தீப்பெட்டி மொத்த வியாபாரம் செய்துவந்த என் முதலாளிக்கும் கோபேயில் தன் ஆள் ஒருவனை உட்கார வைக்கும் ஆசை வந்துவிட்டது. அனுப்பத் தகுந்தவர்கள் கடையில் இரண்டே பேர். ஒருவன் நான். மற்றவன் சதாசிவம். சதாசிவத்துக்கு கோபே எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது. எனக்கோ அந்த ஊரில் தெருத்தெருவாக வழி தெரியும். (கண்ணை மூடினால்தான் தெரியும் என்பது வேறு விஷயம்.)

தெரிந்த விதம் சொல்கிறேன். தீப்பெட்டி மேல் ஒட்டி வரும் படங்கள், கப்பல் கம்பெனிக் காலண்டரில் இருந்த ஒரு வரைபடம், வாசகசாலையில் அட்டை கிழிந்த ஒரு பூகோளப் புத்தகம். இவ்வளவுதான் மூலதனம். போட்டாதாங் துறைக்குச் சரக்கு இறக்கப் போகும் காலை வேளைகளில் ஆற்றின் மேல் மூடுபனி நிற்கும். எதிர்க்கரை தெரியாது. படகுகள் தண்ணீரில் போகின்றனவா, காற்றில் போகின்றனவா என்று சொல்ல முடியாது. அந்தப் பனிக்குப் பின்னால் நான் ஒரு மலைத்தொடரை எழுப்பிவிடுவேன். மலையடியில் ஓடுகள் வேய்ந்த வீடுகளைச் சரிவாக அடுக்குவேன். கீழே கடல் வளைந்து கிடக்கும். கூலிக்காரர்கள், "ஐயா, மூட்டையை எங்க வைக்கிறது?" என்று கேட்பார்கள். நான், "மலைப் பக்கமா வை" என்பேன். ரங்கூனில் ஏது மலை? அவர்கள் என்னைப் பார்த்துவிட்டு இஷ்டப்பட்ட இடத்தில் வைத்துவிட்டுப் போவார்கள்.

கோபேயில் வழி தவறவே முடியாது, தெரியுமா? ஊர் நீளமாக, ஒரு நாடா மாதிரி, மலைக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிறது. வடக்கே மலை, தெற்கே கடல். அங்கே யாரிடம் வழி கேட்டாலும் மலைப் பக்கம், கடல் பக்கம் என்றுதான் சொல்வார்களாம். மலையில் ஓர் அருவி உண்டு. அந்தத் தண்ணீரைக் கப்பலில் ஏற்றினால் பூமத்திய ரேகையைத் தாண்டினாலும் கெடாது என்று மாலுமிகள் சத்தியம் செய்வார்களாம். இதையெல்லாம் நினைத்துக்கொண்டு நான் லான்மடாவின் சேற்றுத் தெருவில் நடந்தால், என் கால் சேற்றில் இருக்கும், நான் அருவிப் பக்கம் இருப்பேன். அப்படி ஒரு சுகம் அது, இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

நவராத்திரி வந்தது. கடைக்கு மேலே முதலாளியின் வீடு. கீழே கிடங்கு, மேலே தேக்குப் பலகைத் தளம் போட்ட கூடம். வருஷா வருஷம் கூடத்தில் கொலு வைப்பார்கள். படிகளில் பொம்மைகள், படிகளுக்கு முன்னால் தரையில் மண் பரப்பி ஒரு சின்ன ஊர். நடுவில் தாமிரத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றிக் குளம். அந்த வருஷம் கொலுவுக்கு மோரிதா என்கிற ஜப்பான்காரரை முதலாளி அழைத்திருந்தார். எங்களுக்குத் தீப்பெட்டி அனுப்பும் கம்பெனிக்கு ரங்கூனில் அவர்தான் ஆள். கோபேக்காரர். யாரை அனுப்பலாம் என்று அவரோடும் கலந்துபேசி முடிவு செய்வதாக முதலாளி இருந்தார்.

நான் முதலாளியம்மாவிடம் போய் நின்றேன். "அம்மா, இந்த வருஷம் தரையில கோபே பட்டணத்தையே கட்டிடறேன்" என்றேன்.

"நம்ம பக்கத்து வீட்டுக்காரி என்ன வைக்கிறா?" என்று கேட்டார் அம்மா.

"பூங்காவும் குளமும்தான்."

"அப்ப நீ கோபேயைக் கட்டு. ஆனா தண்ணிக்குத் தாம்பாளத்தை வச்சிக்க."

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு தாம்பாளத்தை வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. "தாம்பாளம் வட்டமா இருக்கும்மா. கோபே கடல் வட்டம் இல்ல" என்றேன். எவ்வளவு திமிர் பாருங்கள். கடலை நேரில் அளந்துவிட்டு வந்தவன் மாதிரி.

கடலுக்கு மெழுகுத் துணி வாங்கினேன். அது சுருங்காமல், கரையின் வளைவு வரைபடத்தில் உள்ளபடி வர வேண்டுமே? விளிம்பைத் தரையோடு சேர்த்து ஆணி அடித்தேன். ஒரு வளைவுக்கு ஓர் ஆணி. கோபேக்கு வளைவுகள் நிறைய. ஆணிகளைக் களிமண்ணால் மூடிவிட்டேன். (மூடினால் ஓட்டை போய்விடும் என்பது அன்றைய என் பௌதிக சாஸ்திரம்.) மலைக்குச் செங்கல், அதன் மேல் மண், மண் மேல் முளைவிட்ட கேழ்வரகு. படிகளுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் ஒரு பீப்பாய்த் தண்ணீர். அதிலிருந்து ஒரு குழாய் மலையுச்சிக்கு. குழாயைத் திறந்தால் அருவி இறங்கும், ஆறாக ஓடும், கடலில் சேரும்.

மோரிதா வந்த அன்று அந்தி நேரத்தில் கூடத்துப் பெரிய விளக்குகளைத் தணிக்கச் சொன்னேன். ஊர் நெடுகச் சின்னச் சின்ன அகல்கள் வைத்திருந்தேன். அவற்றை ஏற்றியதும் கேழ்வரகுக் காடு பச்சையாக மின்னியது. காகிதக் கப்பல்கள் கடலில் மெல்லத் திரும்பின. விளக்குகள் எல்லாம் தண்ணீருக்குள்ளும் எரிந்தன. சுண்டலுக்கு வந்த பெண்கள்கூடப் பேச்சை நிறுத்தினார்கள். முதலாளியின் தங்கை மகள் காமு ஒரு மூலையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் என் கண்ணுக்குள் மட்டும் இருந்த ஊர் முதல் தடவையாக வெளியே வந்து கிடக்கிறது.

மோரிதா குனிந்து பார்த்தார். பிறகு கையிலிருந்த தொன்னையிலிருந்து ஒரு கொண்டைக்கடலையை எடுத்து மலைச் சரிவில் ஓர் இடத்தில் வைத்தார். பர்மிய மொழியில், "எங்க அம்மா வீடு" என்றார்.

அதற்கு மேல் என்னை யார் பிடிப்பது? குழாயைத் திறந்துவிட்டேன். அருவி இறங்கியது. நான் சரித்திரம் சொல்ல ஆரம்பித்தேன். எழுநூறு வருஷத்துக்கும் முன்னால் அங்கே ஒரு பிரபு, கப்பல்களுக்குக் காற்று மறைவு வேண்டும் என்று கடலில் மண் கொட்டி ஒரு தீவு கட்டினான். அலை அதை அடித்துக்கொண்டு போயிற்று. மறுபடி கட்டினான். கடைசியில் கல்லில் புத்தரின் சூத்திரங்களை எழுதிக் கடலில் போட்டார்கள், அதன் பிறகுதான் நின்றது என்று கதை. பின்னால் வெள்ளைக்காரக் கப்பல்களுக்குத் துறையைத் திறந்துவிட்டார்கள். அந்த ஊரில் ஓர் ஆறு வண்டல் படிந்து படிந்து வீட்டுக் கூரையைவிட உயரத்தில் ஓடியதாம். அடிக்கடி உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்துவிடுமாம். மலையைக் குடைந்து அதை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். "தண்ணியை அடக்கத் தெரிஞ்ச ஊர் அது" என்று கையை விரித்துச் சொன்னேன். என் பின்னால் பீப்பாய் காலியாகிக்கொண்டிருந்தது.

முதலாளி மோரிதாவைப் பார்த்தார். மோரிதா தலையை ஆட்டினார். முதலாளி என் தோளில் கை வைத்தார். "வைத்தி, நீயே போயிட்டு வாடா. தை பிறந்ததும் கப்பல்" என்றார்.

வாழ்க்கையில் அதுபோல் ஒரு நிமிஷம் எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை. நான் கோபேயில் இறங்கிவிட்டேன். மலைப் பக்கம் ஒரு வீடு பிடித்துவிட்டேன். ஜன்னலைத் திறந்து கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அப்போது கிடங்கின் பர்மியக் காவல்காரர் கோ பா துன் மாடியேறி வந்து வாசலில் நின்றார்.

"சயா, மழை பெய்யுது" என்றார். (சயா என்றால் பர்மியரின் ஐயா.)

முதலாளி ஜன்னலைப் பார்த்தார். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. "எங்கேய்யா மழை?"

"வெளியே இல்ல சயா. உள்ளே. கிடங்குல மட்டும்."

எல்லாரும் மேலே பார்த்தார்கள். நான் ஒருவன்தான் கீழே பார்த்தேன். கோபே விரிகுடா கரை ததும்ப நிறைந்திருந்தது. ஒரு காகிதக் கப்பல் ஓர் ஆணிக்கு நேராகச் சுழன்றுகொண்டு நின்றது.

கிடங்கில் கூடத்துக்கு நேர் கீழேதான் போன கப்பலில் வந்த தீப்பெட்டிப் பெட்டிகளை அடுக்கியிருந்தோம். கோபே மலையடியில் செய்து, எத்தனையோ கடல்கள் தாண்டி, ஒரு சொட்டு நனையாமல் வந்து சேர்ந்த சரக்கு. அது ரங்கூனில், ஒரு வீட்டுக்குள், கோபே கடலில் முழுகிக்கொண்டிருந்தது.

குழாயை மூடினேன். மூடி என்ன, கடல் அப்படியே இருந்தது. "எல்லாத்தையும் வாரி வெளியே கொட்டுங்கடா" என்று முதலாளி வேட்டியை மடித்துக் கட்டினார்.

முதலாளியம்மா குறுக்கே வந்து நின்றார். "விஜயதசமிக்கு முந்திக் கொலுவில யாரு கை வைக்கிறது?"

"கீழே என் குடி முழுகுதுடி."

"அதுக்காகக் கொலுவைக் கலைப்பீங்களா? நல்லா இருக்கே நியாயம்."

"பொம்மையைத் தொடல. கடலை மட்டும் எடுக்கிறோம்."

"கடலும் கொலுதான்."

என் வாழ்க்கையே சொட்டிக்கொண்டிருக்கும்போது கணவனும் மனைவியும் கடல் கொலுவில் சேர்த்தியா என்று வாதாடினார்கள். கடைசியில் அம்மா ஒரு தீர்ப்புச் சொன்னார். தண்ணீரை மொள்ளலாம். கரையில் ஒரு பிடி மண்ணைக்கூட அசைக்கக் கூடாது.

பிறகு நடந்ததை யாராவது படம் வரைந்திருக்க வேண்டும். பட்டுப் புடவைப் பெண்கள் சுண்டல் தொன்னைகளாலும் பானகத் தம்ளர்களாலும் கோபே கடலை மொண்டு மொண்டு ஜன்னல் வழியாகத் தெருவில் ஊற்றினார்கள். மோரிதா கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு குங்குமச் சிமிழோடு மண்டியிட்டார். காமு பாட்டை நிறுத்தியவள், சிரிப்பை நிறுத்த முடியாமல், தாமிரத் தாம்பாளத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். "இது வட்டம்தான். ஆனா மொண்டுக்க ஆகும்" என்றாள். ஆணிகளைத் தொட முடியாததால் கடைசித் துளி வரை கீழே மழை நிற்கவில்லை. கொண்டைக்கடலை வீடு மட்டும் மலையில் பத்திரமாக இருந்தது.

சதாசிவம் கோபேக்குப் போனான். அவனை வழியனுப்பத் துறைக்குப் போனேன். "அங்க பார்க்கறதுக்கு என்னடா இருக்கு?" என்று கேட்டான். அன்று ஆற்றின் மேல் பனி இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் என்னால் மலையை எழுப்ப முடியவில்லை. கப்பல் போன பிறகு ஒரு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன்.

எனக்குக் கிடைத்த உத்தியோகம் மொட்டை மாடி. மழை விட்டு வெயில் வந்த அந்த நாட்களில் நனைந்த தீக்குச்சிகளைப் பாய்களில் பரப்பிக் காயவைத்தேன். வடகம் புரட்டும் வேலை மாதிரிதான் என்று சொல்லி காமுவும் வந்து புரட்டிக் கொடுத்தாள். சிவப்புத் தலைக் குச்சிகள் மாடி முழுக்க. தூரத்தில் புத்தர் கோயில் பகோடாவின் தங்கம். அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள், நான் கோபேயைச் சொல்லிக்கொண்டே இருப்பேன். குச்சிகள் காய்ந்தன. ஆனால் எதுவும் ஒழுங்காகப் பற்றவில்லை.

எங்களுக்குக் கல்யாணம் பேசியபோது முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "சடங்கெல்லாம் கீழ்த்தளத்துல நடக்கணும். மாடியில இவன் நிக்கக் கூடாது." முதலாளியம்மா சீர்வரிசையில் அந்தத் தீப்பெட்டிகளில் ஒரு பெட்டி நிறைய வைத்து அனுப்பினார். வருஷக்கணக்கில் எங்கள் அடுப்படியில் அதுதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பற்றாத குச்சிக்குக் கோபே என்று பெயர். "இதுவும் கோபேதான்" என்று காமு வீசி எறிவாள். பிள்ளைகளுக்கு அந்த வார்த்தை ஜப்பானில் ஓர் ஊர் என்பது பள்ளிக்கூடம் போன பிறகுதான் தெரிந்தது.

போன வருஷம், கப்பலில் வேலை பார்க்கும் பேரன் கோபே போய் வந்தான். வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "மலை வடக்கே, கடல் தெற்கே?"

"ஆமா தாத்தா. நீங்க சொன்ன மாதிரியேதான் இருக்கு" என்றான். அங்கே வாங்கிய ஒரு தீப்பெட்டியை என் கையில் வைத்தான். நான் அதை ரொம்ப நேரம் திறக்கவில்லை. காமுதான் வாங்கி, ஒரு குச்சியை எடுத்து உரசினாள். முதல் உரசலிலேயே பற்றிக்கொண்டு நின்று எரிந்தது.

அவள் அதை எனக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். "ஏமாந்துட்டான் பிள்ளை. இது கோபே இல்லீங்க" என்றாள்.