காலண்டருக்கு ஒரு வானம்

மூன்றாவது ராத்திரியும் படத்தில் நட்சத்திரத்துக்குப் பதிலாக வெள்ளைப் பூசணம்தான் விழுந்திருந்தது. மொட்டை மாடியில் மப்ளரும் தும்மலுமாக உட்கார்ந்திருந்த லூர்து பிரகாஷுக்கு அழுகை வராத குறை.

லென்ஸில் பனி. துண்டால் துடைத்தார். துண்டிலிருந்த தேங்காய் எண்ணெய் லென்ஸுக்குப் போனது.

பங்குக் கோயில் காலண்டருக்கு மார்கழி வானத்தைப் படமெடுத்துத் தரும் பொறுப்பைப் பாட்டுக்குழு அவரிடம் கொடுத்திருந்தது. கேமராவைக் கொடுத்ததே மனைவி மரிய அனிதா டீச்சர்தான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கேட்காமலே அவள் கொடுத்த முதல் பொருள். அதற்காகவே வீடு வீடாகக் கேரல் பாடப் போவதைக்கூட இந்த வருஷம் விட்டுவிட்டார். சின்னத் தியாகமா அது? அவர் குரலெடுத்தால் முதல் சரணம் முடியுமுன்பே வீட்டுக்காரர்கள் காணிக்கையோடு ஓடி வருவார்கள். தானில்லாமல் பாட்டுக்குழு என்ன பாடு படுகிறதோ என்று வேறு கவலை.

எண்ணெய் போனபின், வாசலில் தொங்கிய கிறிஸ்துமஸ் ஸ்டார் வானத்தை ரோஸ் கலராக்கியது. கழற்றினார். பக்கத்து வீட்டு ஸ்டார் தெரிந்தது. அணைக்கச் சொல்லிக் கதவைத் தட்டினார்.

"பாலன் பொறக்கிற நேரத்துல ஸ்டார அணைக்கச் சொன்ன மொத ஆளு நீங்கதான்," என்று அந்த வீட்டு ஞானபூரணி கதவைச் சாத்தினாள். இரண்டே நிமிஷத்தில் சீரியல் பல்பும் சேர்ந்து எரிந்தது.

மறுநாள் ராத்திரி ஊருக்கு வெளியே கண்மாய்க் கரைக்குப் போனார். முள் குத்தியது, சளி நெஞ்சில் இறங்கியது. ஆனால் இருட்டு சுத்தமான இருட்டு. தலைக்கு மேல் மூன்று நட்சத்திரங்கள் மூன்று ராஜாக்களைப் போல வரிசையாக நின்றன. பொத்தானை அழுத்தினார். முப்பது விநாடி வெளிச்சம் படக் கூடாது.

பதினைந்தாவது விநாடியில் பக்கத்து ஊருக்குப் போகும் கேரல் வேன் பளீரென்று கரையேறியது.

குறுக்கே விழுந்து நிறுத்தி, கும்பிட்டுக் கெஞ்சினார். ஓட்டி வந்த சூசைமரியான் விளக்கை அணைத்தான். பின்னால் குழுவோடு இருந்த அனிதாவும் கையிலிருந்த டார்ச்சை அணைத்தாள். மறுபடி முப்பது விநாடி. விழுந்தது படம், அப்படியொரு வானம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"படத்த நாளைக்கே பிரஸ்ல குடுத்துறலாம். இனிமே நானும் பாட வாரேன்," என்று தொண்டையைச் செருமிக்கொண்டே வேனில் காலை வைத்தார்.

அனிதா குனிந்து பாட்டு நோட்டைப் புரட்டினாள். சூசைமரியான்தான் சீட்டுக்கடியிலிருந்த காலண்டர் கட்டைப் பிரித்து ஒன்றை உருவி நீட்டினான். மாதா படமும் புது வருஷத் தேதிகளும் பளிச்சென்று இருந்தன.

"இது போன மாசமே அடிச்சு வந்துருச்சே, சார். நீங்க பாட வந்துராம இருக்கத்தான, டீச்சரும் குழுவும் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுக் கேமரா வாங்குனாக?"