சுக்கான் அண்ணனும் பிரேக் இல்லாத வண்டியும்

என் வாழ்நாளில் நான் பட்ட மொத்த அதிர்ச்சியில் முக்கால் பங்கு சுக்கான் அண்ணன் கொடுத்தது. மிச்சக் கால் பங்கைத்தான் மின்சாரம், மாமனார், பத்தாம் வகுப்பு விடைத்தாள் ஆகிய மூன்றும் பங்கு போட்டுக்கொண்டன.

நான் கமுதிப் பக்கத்துக்காரன். தண்ணீர் என்றால் குடத்துக்குள் இருக்கும் ஒரு பொருள் என்று நினைத்து வளர்ந்தவன். தமிழாசிரியர் வேலையில் பாம்பன் பக்கம் மாற்றலாகிக் குடிபோனபோது எனக்கு வாய்த்த வீட்டுக்காரர்தான் சுக்கான் அண்ணன். சொந்தமாக ஒரு வள்ளம் வைத்திருந்தார். பின்னால் நின்று சுக்கானைப் பிடித்தாரென்றால் பாறைக்கும் பாறைக்கும் நடுவே ஊசியில் நூல் கோப்பதுபோல ஓட்டிவிடுவார் என்று தெருவே சொல்லும். அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கும் பங்குச் சாமியாருக்கும் மட்டும்தான் தெரியும்.

குடிபோன அன்றே முதல் அதிர்ச்சி. கொல்லைப்புறத்தில் ஒரு கோழிக்கூண்டு இருந்தது. கூண்டுக்கு ஹெட்லைட் இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால், பழைய வலையைப் போர்த்திய ஒரு மோட்டார் சைக்கிள்! தயாரித்த கம்பெனியே எப்போதோ கடையைக் கட்டிவிட்ட மாடல். உப்புக்காற்று தின்றது போக மிஞ்சிய இரும்பில் ஆறு கோழிகள் குடித்தனம் நடத்தின. சீட்டு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. அது என்னை முறைத்த முறையில், ஆர்.சி. புத்தகம் அதன் பேரில்தான் இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"எங்க மாமனாரு கல்யாணத்துக்குக் குடுத்தது வாத்தியாரே" என்றார் அண்ணன். "இருபத்தேழு வருசமாச்சு. எனக்கு ஓட்டத் தெரியாது. கடல்லயே கெடக்கவனுக்கு வண்டி எதுக்குன்னு அப்பிடியே போட்டுட்டேன்."

அடுப்படியிலிருந்து அவர் மனைவி அமலி அக்காவின் குரல் வந்தது. அக்கா தொண்டிக்காரர். வாய் திறந்து பேசுவதே அபூர்வம்.

"எங்கய்யா குடுத்த வண்டி. ஒருநாளாச்சும் அதுல கோயிலுக்குப் போகணும்னு கேட்டேன். கேட்ட நாள்ல இருந்து கோழிதான் ஏறி எறங்குது."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நானும் எதற்கோ குனிந்துகொண்டேன்.

அந்த வருடம் மாதா கோயில் திருவிழாவுக்கு அக்காவின் அண்ணன்மார் மூன்று பேரும் வருவதாகத் தொண்டியிலிருந்து போன் வந்தது. அய்யா காலமான பிறகு அவர்கள் இந்த வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை. போனை வைத்த அக்கா நேராகக் கொல்லைக்குப் போய், கூண்டைப் பார்த்தபடி நின்றார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். அன்று சாயங்காலமே கோழிகளுக்குக் காலி செய்யச் சொல்லி உத்தரவாகிவிட்டது.

"திருவிழாவுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு. அன்னைக்கு இந்த வண்டில அமலிய வச்சுக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகல, நான் மனுசனே இல்ல வாத்தியாரே."

கையில் காசு கிடையாது. கடலில் மீன் இருந்தது. ராமநாதபுரத்தில் ஒரு பழைய மெக்கானிக்கைப் பிடித்து, எஞ்சின் வேலைக்குக் கூலியாக நண்டு பேசிவந்தார். பிஸ்டன் ரிங்குக்கு ஒரு கூடை, கார்புரேட்டருக்கு ஒரு கூடை, கிளட்சுக்கு இரண்டு கூடை. கிளட்ச் முடிவதற்குள் அந்த மெக்கானிக்குக்கு உடம்பெல்லாம் தடிப்பு வந்துவிட்டது. "அண்ணே, கும்புட்டுக் கேக்குறேன், இனி நண்டு வேணாம். மிச்சத்த சும்மாவே செஞ்சு தாரேன்" என்று கையெடுத்தாராம்.

பெட்ரோல் டேங்குக்குள் ஒரே துரு. கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினால் போய்விடும் என்று யூடியூபில் பார்த்துச் சொன்னேன்.

"எம்புட்டு நேரம் குலுக்கணும்?"

"ரெண்டு மூணு நாள் ஆகும்ணே."

"அதுக்கு நாம ஏன் கை வலிக்கக் குலுக்கணும்?"

மறுநாள் டேங்கை வள்ளத்தில் கட்டிக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டார். அலை குலுக்குமாம்! நடுக்கடலில் ரோந்துப் படகு வழிமறித்தது. மீனுக்கு நடுவே மோட்டார் சைக்கிள் டேங்கைப் பார்த்து அவர்களுக்கும் அதிர்ச்சி.

"வண்டி எங்கே?"

"வீட்ல இருக்கு சார்."

"டேங்க் ஏன் இங்கே?"

"குலுங்குறதுக்கு சார்."

அந்தக் 'குலுங்குறதுக்கு' இந்தியில் போய்ச் சேர அரைமணி நேரம் ஆனதாம். ஆனால் நான்காம் நாள் டேங்குக்குள் எட்டிப் பார்த்தால் என் முகம் தெரிந்தது. இருந்த ஓட்டைகளை ஃபைபர் படகு ஒட்டும் பசையால் அடைத்தார். வலை மிதவைகளை அடுக்கி, மேலே தார்ப்பாய் தைத்து சீட்டு ஆக்கினார். வள்ளத்துக்கு அடித்த நீலப் பெயிண்டில் மிச்சம் இருந்ததை வண்டிக்கு அடித்தார். டயர் மட்டும்தான் கடையில் வாங்கியது.

எல்லாம் பூட்டியாயிற்று. கிக்கரை உதைத்தோம். அவர் உதைத்தார், நான் உதைத்தேன், பக்கத்து வீட்டுக்காரர்கள் வரிசையில் நின்று உதைத்தார்கள். வண்டி இருமக்கூட இல்லை. அடுப்படியிலிருந்து அக்கா, "பிளக்கைக் கழட்டி நெருப்பு வருதான்னு பாக்கச் சொல்லுங்க சார். பாயிண்ட்டு ஒட்டிக் கெடக்கும், உப்புத்தாள் போடச் சொல்லுங்க" என்றார். மீன் கழுவும் கையோடு ஒருவர் இதைச் சொன்னதில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்காவும் யூடியூப் பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நான் தமிழ் வாத்தியார், என் புத்தி அவ்வளவுதான்.

உப்புத்தாள் போட்டதும் மூன்றாவது உதையில் வண்டி உயிர்பெற்றது. வள்ளத்து எஞ்சினுக்கு ஊற்றும் கணக்கில் அண்ணன் ஆயிலைத் தாராளமாக ஊற்றியிருந்தார். கிளம்பிய புகையில் எதிர்வீடு மறைந்தது. தெருப் பெண்கள், "கொசு மருந்து அடிக்க வந்துட்டாக, பாத்திரத்த மூடுங்கடி!" என்று ஓடினார்கள்.

வெள்ளோட்டத்துக்கு என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். ஏறியது என் குற்றம்தான். கடற்கரை ரோட்டில் வண்டி அழகாகவே போனது. முன்னால் நெத்திலி காயப்போட்டிருந்தார்கள். வலப்பக்கம் ஒதுங்கினால் போதும். அண்ணன் இடப்பக்கம் ஒடித்தார். படகில் சுக்கானின் பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகின் மூக்கான அணியம் வலப்பக்கம் திரும்பும். முப்பது வருடப் பழக்கம், கை கேட்கவில்லை. நெத்திலிக்குள் புகுந்து வெளியே வந்தோம். என் சட்டைப்பைக்குள் இரண்டு நெத்திலி.

"அண்ணே, பிரேக்கைப் பிடிங்க!"

"பிரேக்கா? அது மாட்டலயே!"

"என்னது?"

"கடல்ல ஏது வாத்தியாரே பிரேக்கு? அதுக்கு வேற ஒரு செலவா? எஞ்சினை அமத்துனா அதுபாட்டுக்கு நிக்கும்."

"நிக்கலையேண்ணே!"

"இது தரையாச்சே. செத்த நேரம் ஆகும்."

நான் என் குலசாமியைக் கூப்பிட்டேன், அவர் மாதாவைக் கூப்பிட்டார். மணலில் இறங்கி, கயிறு திரித்துக்கொண்டிருந்த நான்கு பேரைச் சிதறடித்து, வண்டி நேரே கடலுக்குள் போனது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றது. அண்ணன் முகத்தில் அப்போதுதான் ஒரு தெளிவு வந்தது. "பாத்தீகளா, நின்னுருச்சு" என்றார்.

அந்தத் தெளிவு கரைக்கு வரும்வரைதான். கயிறு கட்டி இழுத்துவந்து போட்டபோது, சைலன்சரிலிருந்து கடல் ஒழுகியது. திருவிழாவுக்கு மூன்று வாரம்தான் பாக்கி. அண்ணன் வண்டிக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னைக் கட்டுன நாள்ல இருந்து அவ ஒரு நகை கேட்டதில்ல, சேலை கேட்டதில்ல. கேட்டது இது ஒண்ணுதான். அதையும் கொண்டுபோய்க் கடல்ல எறக்கிட்டேனே வாத்தியாரே!"

அவர் அப்படி உடைந்து பேசி நான் பார்த்ததே இல்லை. 

உப்பைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். தீவில் நல்ல தண்ணீர் என்பது கிட்டத்தட்ட நகை. அண்ணன் வீட்டில் குடிக்க வைத்திருந்த குடத்தை எடுத்து எஞ்சின் மேல் ஊற்றினார். அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டார். செத்தோம் என்று நான் நான்கடி பின்வாங்கினேன். அக்காவோ உள்ளே போய் இன்னொரு குடத்தைத் தூக்கிவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மறுபடி எல்லாவற்றையும் பிரித்தோம். தடிப்பு ஆறிய மெக்கானிக் தானே பஸ் ஏறி வந்தார், பழைய வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய பிரேக்கோடு. வந்தவர், "எனக்கு இட்லி போதும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஆர்.சி. இன்னும் மாமனார் பேரில்தான் இருந்தது; அவருடைய வாரிசுகளின் கையெழுத்து வாங்கி, ராமநாதபுரத்துக்கு நாலு நடை அலைந்து காகிதங்களையும் புதுப்பித்தாயிற்று. பள்ளி மைதானத்தில் நான் அண்ணனுக்கு இடம் வலம் சொல்லிக்கொடுத்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சுற்றி நின்று எனக்கு உதவி செய்தார்கள்.

திருவிழா வந்தது. தொண்டி மைத்துனர்கள் மூன்று பேரும் வெள்ளை வேட்டியில் வாசலில் நின்றார்கள். நீல வண்டி மாலையோடு நின்றது. அண்ணன் மாதாவைக் கும்பிட்டு ஓர் உதை உதைத்தார். ஒரே உதையில் புடுபுடுவென்று பிடித்துக்கொண்டது. தெருவே கைதட்டியது. அக்கா பட்டுச்சேலையில் வந்து, வண்டியை ஒரு சுற்றுப் பார்த்து, ஹேண்டிலைத் தடவிக்கொடுத்தார்.

"ஏறு புள்ள" என்றார் அண்ணன்.

"நீங்க எறங்குங்க."

வாசலில் அடித்துக்கொண்டிருந்த மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. "ஏன் புள்ள? பிரேக்கெல்லாம் இருக்கு. வாத்தியாரக் கேளு."

"எறங்கிப் பின்னால உக்காருங்க."

அக்கா கொசுவத்தைத் தூக்கிச் செருகினார். ஏறி உட்கார்ந்தார். கிளட்சைப் பிடித்து கியரைத் தட்டிய தினுசைப் பார்த்து எனக்கு மூச்சே நின்றுவிட்டது. மூத்த மைத்துனர் மட்டும் கடகடவென்று சிரித்தார். "எங்கய்யா மீன்பெட்டி கட்டி ஏவாரம் போன காலத்துல தொண்டில இருந்து பாதி நாளு வண்டிய ஓட்டுனதே இவதான் மாப்ள! அதுனாலதான் அய்யா வண்டிய இவ கூடவே அனுப்புனாரு. ஒங்களுக்குத் தெரியாதா?"

"நீ சொல்லவே இல்லையே புள்ள?"

"கோயிலுக்குப் போகணும்னுதான சொன்னேன்? பின்னால உக்காந்து போகணும்னு என்னைக்காச்சும் சொன்னேனா?"

நான் இருபது வருடம் இலக்கணம் நடத்தியவன். ஒரு சின்ன வாக்கியத்தில் எழுவாய் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கும் தெரியாமல் போய்விட்டது! லைசென்ஸ் இருக்கிறதா என்று அக்காவிடம் கேட்கும் தைரியம் அங்கே ஒருவருக்கும் வரவில்லை.

மூன்று மாதம் உயிரை விட்டுச் செய்த வண்டி. அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவே இந்த மனிதர் இப்போது என்ன செய்யப்போகிறாரோ என்று பார்த்தேன். அண்ணன் இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஏறி, அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டார். வண்டி தெருவைக் கிழித்துக்கொண்டு போனது. நாங்கள் எல்லாரும் பின்னாலேயே ஓடினோம்.

கோயில் வாசலில் அக்கா பிரேக் பிடித்து நிறுத்தினார். முகமெல்லாம் வேர்வை, கண்ணெல்லாம் தண்ணீர். பூசைக்கு மணி அடித்துவிட்டது. அண்ணன் மட்டும் இறங்கவே இல்லை.

"வாத்தியாரே, அவ சரியாத்தான் கேட்டிருக்கா. எனக்குத்தான் காது கேக்கல" என்றார் சிரித்துக்கொண்டே. அப்புறம் அக்காவின் காதுப் பக்கம் குனிந்து, பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கேட்டார்: "இன்னொரு சுத்துப் போயிட்டு வருவமா புள்ள?"

அந்த மனுசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.