தாலித் தட்டின் மேல் ஒரு மைனஸ்

ஸ்டாப் லாஸ் என்றால் என்னவென்றே தெரியாதவர்களால் குடும்பத்துக்கு ஆபத்தில்லை. நன்றாகத் தெரிந்தவர்களாலும் ஆபத்தில்லை. இரண்டுக்கும் நடுவில், மதிய சாப்பாட்டு இடைவேளையில் போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்ட ஒரு கூட்டம் இருக்கிறது. நான் அந்தக் கூட்டத்தில் முன்வரிசை ஆள்.

செங் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் எனக்கு வேலை. (இந்தக் கதை தெரிந்த பிறகும் என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை. நல்ல மனுசங்க.) சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சின்னதாகப் பங்கு வாங்கி விற்றுப் பழகியிருந்தேன். வாங்கிய பங்கு இந்த விலைக்குக் கீழே இறங்கினால் தானாக விற்றுவிடு என்று முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் ஸ்டாப் லாஸ். அதை வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை போட்டேன். அந்த ஒரு தடவை அது என்னைக் காப்பாற்றியும் விட்டது. அதோடு என் நடையே மாறிவிட்டது. ஸ்டோரில் பெட்டி எண்ணும்போதுகூட ஏதோ பெரிய நிதி நிறுவனத்தை நடத்துகிறவன் மாதிரி எண்ணினேன்.

என் மனைவி விமலா ரெம்பியாவில் எங்கள் வீட்டு முன்னறையில் பிளவுஸ் தைப்பவள். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் எங்கள் வீட்டில் உட்கார இடம் இருக்காது, எங்கு பார்த்தாலும் துணிதான். அப்படித் தைத்துத் தைத்து அவள் பேங்கில் கொஞ்சம் பணம் சேர்த்திருந்தாள். டவுனில் சொந்தமாக ஒரு தையல் கடை திறப்பதற்கான பணம் அது. கடை இன்னும் இரண்டு, மூன்று வருடம் கழித்துத்தான். அதுவரை அந்தப் பணம் பேங்கில் சும்மா தூங்குகிறதே என்று எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

"யூனிட் டிரஸ்ட்ல போடுவோம்லா," என்றேன்.

"இது என் கடைப் பணம். கொறஞ்சிருச்சின்னா?"

"அஞ்சு பெர்செண்டுக்கு மேல கொறைய விட மாட்டேன். அஞ்சு தொட்டா வித்துருவேன். அதான் ஸ்டாப் லாஸ்."

விமலா ஊசியில் நூலைக் கோத்து முடித்தாள். பிறகு சரி என்றாள். அவள் சரி என்று சொன்னால் அது முழுச் சரி, பின்னால் ஒரு முணுமுணுப்பும் இருக்காது. அதுதான் எனக்கு உள்ளூரப் பயமாக இருந்தது.

பல பேர் பணத்தைச் சேர்த்துப் பங்குகளில் போடும் பண்டுதான் யூனிட் டிரஸ்ட். எங்கள் பக்கத்தில் அதற்கு முகவர் என்றால் புஷ்பா அக்காதான். செலண்டாரில் வீடு. சுற்றியுள்ள தோட்டங்களிலும் டவுனிலும் முக்கால்வாசித் தமிழ்க் குடும்பங்கள் அவரிடம்தான் பணம் போட்டிருந்தன. பட்டுப் புடவையோ, பழைய டீ சட்டையோ, எதை உடுத்தி வந்தாலும் ஒரு கம்பீரம். குரல் கணீரென்று இருக்கும். கூட்டுறவுச் சங்கத் தலைவர்களே அவர் வந்தால் நாற்காலியை நகர்த்திப் போடுவார்கள். அவரைப் பிடிக்காதவர்களும் உண்டு, ஆனால் அவரை ஏமாற்றுக்காரி என்று சொன்ன ஒருத்தரை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து, துணிகளை ஒதுக்கிவிட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார். எந்த வருடம் பணம் வேண்டும் என்று விமலாவிடம் கேட்டார். நான் குறுக்கே புகுந்து, ஸ்டாப் லாஸ் ஐந்தில் போட்டுவிடச் சொன்னேன்.

"தம்பி, யூனிட் டிரஸ்ட்ல அது கெடையாது. பங்கு மாதிரி நிமிசத்துக்கு நிமிசம் வெல மாறாது இதுல. நாளுக்கு ஒரு வெலதான், அதுவும் மார்க்கெட்டு மூடுனப்பறம்தான் தெரியும். காலையில விக்கச் சொன்னாலும் மத்தியானம் விக்கச் சொன்னாலும் அன்னிக்கி மூடுன வெலதான் கெடைக்கும். கொறையுதான்னு நீங்களேதான் பாக்கணும், நீங்களேதான் விக்கச் சொல்லணும்."

"அப்ப நானே ஸ்டாப் லாஸ்க்கா," என்றேன். (இதைச் சொல்லும்போது நெஞ்சைத் தட்டிக்கொண்டதாக விமலா சொல்கிறாள். எனக்கு ஞாபகமில்லை, ஆனால் செய்யக்கூடிய ஆள்தான்.)

அதற்குப் பிறகு அக்கா நுழைவுக் கட்டணம் பற்றி விளக்கினார். விளக்கினாராம். நான் அப்போது என் போனில் அந்த ஆப்பை எப்படி இறக்குவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை மட்டும் நன்றாக ஆட்டினேன். காட்டிய இடத்தில் விமலாவைக் கையெழுத்துப் போட வைத்தேன். கிளம்பும்போது அக்கா தன் மூத்த மகளின் கல்யாணப் பத்திரிகையையும் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வாரக் கடைசியிலேயே, ஞாயிற்றுக்கிழமை, செலண்டாரில் கல்யாணம்.

ஞாயிறு காலை விமலா காடி (கார்தான்) ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து முதன்முதலாக அந்த ஆப்பைத் திறந்தேன். சிவப்பு எழுத்தில் மைனஸ் 5.21 என்று இருந்தது.

பணம் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்த மைனஸை விமலா வாங்கும் கூலிக்குக் கணக்குப் போட்டால், இருபது பிளவுஸுக்கு மேல் வந்தது. கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு, கண்ணைச் சுருக்கி அவள் கொக்கி வைத்துத் தைத்த பிளவுஸ்கள். சொல்லிவிடலாமா என்று அவளைப் பார்த்தேன். அவள் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்றை முந்திக்கொண்டிருந்தாள். முந்தி முடிக்கட்டும் என்று இருந்தேன். முந்திய பிறகும் சொல்லவில்லை.

ஐந்து தொட்டால் விற்றுவிடுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஐந்தைத் தாண்டிவிட்டது. விற்க வேண்டும். விற்றுத் தருகிறவர் அக்கா. அக்கா மண்டபத்தில் இருக்கிறார். இதில் என்ன யோசனை வேண்டிக் கிடக்கிறது? இவ்வளவு தெளிவாக நான் அதற்கு முன்னும் யோசித்ததில்லை, பின்னும் யோசித்ததில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடைக்கு இரண்டு பக்கமும் ஆளுயரத் திரைகள் வைத்து, கேமரா பிடிப்பதையெல்லாம் அப்படியே காட்டிக்கொண்டிருந்தார்கள். முகூர்த்தம் நெருங்கியதும், தேங்காய் மேல் தாலியை வைத்த தட்டு சபைக்கு வந்தது. வந்திருப்பவர்கள் எல்லோரும் தொட்டு ஆசீர்வாதம் செய்வதற்காக. வழக்கமாக உறவுக்காரப் பெண் யாராவதுதான் அந்தத் தட்டை ஏந்தி வருவார். புஷ்பா அக்கா எதையும் பிறர் கையில் விடுகிறவர் அல்லர். பெண்ணைப் பெற்றவரே தட்டை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக வந்தார். கேமராக்காரர் பின்னாலேயே வந்து, தட்டை மட்டும் மிக நெருக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வரிசைக்கு வந்தார். விமலா தாலியைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் போனை நீட்டினேன்.

"அக்கா, அஞ்சு தாண்டிருச்சி. வித்துருங்க."

நாதஸ்வரம் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று எனக்குப் புரியவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தேன். மேடையின் இரண்டு பக்கமும், மஞ்சள் கயிறும் தேங்காயும் தெரிய வேண்டிய இடத்தில், என் போன் ஆளுயரத்துக்கு நின்றது. சிவப்பு எழுத்தில் மைனஸ் 5.21. அதைப் பிடித்திருந்த என் கட்டைவிரல் ஒரு பூசணிக்காய் அளவு. மணமேடையில் மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டுப் பெண்ணைப் பார்த்தார். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர், "சகோதரர் ஒருவர் கைப்பேசி வழியாக வாழ்த்துச் செய்தி காட்டுகிறார்," என்றார். அந்த மனிதரை நான் எந்த ஜென்மத்திலும் மறக்க மாட்டேன், அவராவது எனக்காக ஒரு வார்த்தை பேசினார்.

அக்காவின் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"தம்பி, மொதல்ல தாலியத் தொடுங்க," என்றார்.

தொட்டேன்.

"இப்ப கேளுங்க. இது மார்க்கெட்டு எறங்குனது இல்ல. நொழைவுக் கட்டணம். அன்னிக்கி உங்க வீட்டு மேசையில ஒக்காந்து சொன்னேன்ல? பண்டுக்குள்ள போற பணத்துக்கு அஞ்சரை பெர்செண்டு, நீங்க குடுத்த மொத்தத்துல பாத்தா அது 5.21. போட்ட பணத்துல அது கழிஞ்சிருக்கு, அவ்ளோதான். பண்டு ஒரு காசுகூட எறங்கல. இப்ப வித்தீங்கன்னா அந்தக் கட்டணம் போனது போனதுதான்."

என் வாய் திறந்தபடியே இருந்தது. (திரையில் இப்போது அதுதான் தெரிந்தது.)

அக்கா விமலா பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தி, "இவருக்கு இப்பவே இம்புட்டுப் பயம்னா இன்னொன்னும் சொல்லிடறேன்மா. மொத தடவ போடுறவங்களுக்கு ஆறு வேல நாளு டைம் இருக்கு. அதுக்குள்ள வேணாம்னா கட்டணத்தோட திருப்பி வாங்கிக்கலாம். நாளைக்கிக் காலையில எனக்குப் போன் போடு. நானே செஞ்சி குடுக்கறேன்," என்றார்.

பணம் திரும்பிப் போனால் அவருக்கு அதில் கமிஷன் கிடையாது என்பது எனக்கே தெரியும். மகளின் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு, சபையில் தன் மானத்தை வாங்கியவனின் மனைவியிடம், தனக்கு நஷ்டமான உண்மையை அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நிமிடத்தில் நான் வெட்கப்பட்டதைவிட அவரை வியந்ததுதான் அதிகம். இன்றும் அப்படித்தான்.

இதற்குள் மண்டபத்தில் வேறொரு வேலை ஆரம்பித்திருந்தது. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் அக்காவிடம் பணம் போட்டவர்கள். திரையில் மைனஸைக் கண்டதும் ஆளாளுக்குப் போனை எடுத்துவிட்டார்கள். அக்கா நிமிர்ந்தார்.

"எல்லாரும் போன உள்ள வைங்க. இன்னிக்கி ஞாயித்துக்கெழம, மார்க்கெட்டுக்கு லீவு. என் மக தாலிக்கு லீவு இல்ல."

மண்டபமே சிரித்தது. நாதஸ்வரம் மறுபடி ஆரம்பித்தது. தட்டு அடுத்த வரிசைக்குப் போனது. நான் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது எதிரில் இருந்தவர் என் இலையைப் பார்த்து, "பாயசம் அஞ்சு பெர்செண்டு கொறையுது போல," என்றார். வடை வைக்க வந்தவரும் சிரித்தார்.

திரும்பும்போதும் விமலாதான் ரெம்பியாவரை ஓட்டினாள். வீட்டு வாசலில் காடியை நிறுத்திவிட்டு, "போனக் குடுங்க," என்றாள். கொடுத்தேன். ஆப்பை அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"பணம் இருக்கட்டும். அக்கா சொல்ற ஆளு, சொல்லாம மறைக்கிற ஆளு இல்ல. அந்த அஞ்சு பெர்செண்டுக் கணக்கு எங்கேருந்து வந்துச்சி ஒங்களுக்கு?"

"வீடியோவுல சொன்னாங்க."

"வீடியோக்காரனா கடை தொறக்கப் போறான்? கடைக்கு எவ்ளோ வேணும்னு எனக்குத் தெரியும். அதத் தொடுற மாதிரி எறங்குச்சின்னா எடுத்துருவேன். மாசத்துக்கு ஒரு தடவ நான் பாத்துக்கறேன். நீங்க பாக்க வேணாம்லா."

நான் ஒரு மாதமாக வீடியோ பார்த்துக் கற்றதை அவள் காடியை அணைப்பதற்குள் சரிசெய்துவிட்டாள்.

பணம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. எனக்கு எதுவும் தெரியாது, சொல்லவும் மாட்டாள். பிறகு சந்தை நிஜமாகவே சரிந்த ஒரு சமயம் வந்தது. அப்போது நான்தான், கொஞ்சம் பொறு, ஏறிவிடும் என்று கெஞ்சினேன். விமலா பிளவுஸுக்குக் கை வெட்டிக்கொண்டே அக்காவுக்குப் போன் போட்டு எடுத்துவிடச் சொன்னாள். அன்றைக்கு மூடிய விலை அவள் நினைத்ததைவிடக் கொஞ்சம் குறைவாகவே வந்தது. "பரவால்ல, கண்ணாடி சின்னதா வாங்கிக்கலாம்," என்றாள். அதனால் எங்கள் கடையில் உடை மாற்றிப் பார்க்கும் இடத்தில் கண்ணாடி இடுப்பு வரைதான் இருக்கும். பிளவுஸுக்கு அது போதும். சில மாதம் கழித்து அந்தப் பண்டு மறுபடி ஏறிவிட்டது என்று நான் போய்ச் சொன்னேன். "ஏறட்டும்," என்றாள். அவ்வளவுதான். கடை திறந்தாகிவிட்டதே.

புஷ்பா அக்கா அந்தக் கல்யாண வீடியோவில் என் பகுதியை வெட்டவில்லை. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. புதிதாகப் பணம் போட வருகிறவர்களுக்கெல்லாம், கட்டணத்தைப் பற்றி விளக்குவதற்கு முன்னால் அதைப் போட்டுக் காட்டுகிறார். ஜாசின், அலோர் காஜா பக்கத்தில் என் முகம் தெரியாதவர்களுக்கும் என் கட்டைவிரல் தெரியும்.

போன மாதம் கடைக்கு ஒரு பெண் அளவு கொடுக்க வந்தார். எனக்கு விடுமுறை நாளென்று கடையில் உட்கார்ந்து பட்டன்களை நிறவாரியாகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு தயங்கி, "அண்ணே, நீங்க அந்தத் தாலித் தட்டு அண்ணன்தானே?" என்றார்.

நான் பட்டன் டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

"இவருதான்," என்றாள் விமலா, டேப்பை அந்தப் பெண்ணின் தோளில் வைத்தபடி. "இவரு பயந்ததப் பாத்தப்பறம் இந்தப் பக்கத்துல யாரும் மொத நாளே பயந்து விக்கிறதில்ல."